புட்டு நெஞ்சுக்குள் நிற்கிறது, ஏவறை வரவில்லை: சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டதா?

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து 46 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். 12 வருடமாக நெஞ்செரிவு. ஒமெப்பிரசோல் குளிசை இல்லாமல் இரவு படுக்கவே முடியாது என்ற நிலை. கமரா விட்டுப் பார்த்தபோது இரைப்பையின் மேல்முனை நெஞ்சறைக்குள் ஏறியிருந்தது தெரிந்தது. 7 கிழமைக்கு முன் கொழும்பில் சிறுதுளை மூலம் சத்திரசிகிச்சை நடந்தது. துண்டு வெட்டி அனுப்பும்போது "மெதுவாகச் சாப்பிடுங்கோ, பாரம் தூக்காதேங்கோ" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்தாம் கிழமை புட்டுச் சாப்பிட்டபோது நெஞ்சின் அடியில் அடைத்து நின்றது. மேலே தண்ணீர் குடித்தார்; அது நுரையாகத் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டார் சோற்றுருண்டை விழுங்கச் சொல்லியிருக்கிறார்கள். அரை மணித்தியாலத்தில் தானாக இறங்கியது. பாண் சாப்பிட்டபோதும் அதே கதை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு உடுக்குப்போல ஊதுகிறது, ஏவறை வருவதில்லை, கீழ்க்காற்று மட்டும் ஓயாமல் போகிறது. பஸ்ஸில் ஏறவே கூச்சம். ஈனோவும் சோடாவும் குடித்துப் பார்த்தார், கூடியது. விரல் விட்டுச் சத்தி எடுக்கப் பார்த்தார். ஓங்காளம் மட்டும் வந்தது, பிறகு இரண்டு நாள் விலாவின் கீழ் நோ. அதற்குப் பிறகு இரண்டு தரம் நெஞ்செரிவு திரும்பி வந்ததால் பழைய குளிசையைத் தானாகவே தொடங்கிவிட்டார். 5 கிலோ மெலிந்திருக்கிறார். 2009 இல் செல்துண்டு எடுக்க வயிற்றின் கீழ்ப்பகுதியில் செய்த சத்திரசிகிச்சையின் தழும்பும் உண்டு. "இறுக்கிக் கட்டிப்போட்டார்களா, அவிழ்த்துக் கட்ட வேண்டுமா, கிணற்றில் எப்போது தண்ணீர் அள்ளலாம்" என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் உள்ளவற்றில் பாதி இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எல்லோருக்கும் வருவது. கால்வாசி நீங்களே தெரியாமல் கூட்டிக்கொண்டது. ஒரேயொரு விடயத்தைத்தான் சும்மா விட முடியாது. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில், என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். நெஞ்சறையையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் உணவுக்குழாய் இறங்கும் துவாரம் உங்களுக்கு அகன்றிருந்தது. இரைப்பையைக் கீழே இழுத்து, அந்தத் துவாரத்தைத் தையல் போட்டுச் சிறிதாக்கி, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் அடிமுனையைச் சுற்றிச் சால்வைபோலப் போர்த்துத் தைத்திருக்கிறார்கள். இரைப்பை நிறையும்போது அந்தப் போர்வையும் அமுங்கி வழியை மூடுவதால் அமிலம் மேலே வராது. ருடோல்ஃப் நிசென் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1956 இல் எழுதி வெளியிட்ட முறை இது; 1991 முதல் சிறுதுளை வழியாகச் செய்கிறார்கள். ஆரம்ப காலத்தில் போர்வை நீளமாகவும் இறுக்கமாகவும் இருந்தது உண்மை. இப்போது ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் நீளத்தில் தளர்வாகத்தான் போடுவார்கள். இறுகிவிடக் கூடாதென்று உணவுக்குழாய்க்குள் பெருவிரல் தடிப்பில் ஒரு குழாயை வைத்துக்கொண்டே போர்ப்பவர்களும் உண்டு.

தைத்த இடம் வீங்கும். அந்த வீக்கம் வற்ற 6 முதல் 12 கிழமை எடுக்கும். உங்களுக்கு இப்போது 7. ஆகவே திண்ம உணவு இடைக்கிடை நிற்பதை மட்டும் வைத்துக்கொண்டு "இறுக்கிக் கட்டிவிட்டார்கள்" என்ற முடிவுக்கு வர முடியாது. 12 கிழமை தாண்டியும் குழைந்த சோறே நிற்கிறது என்றால் பார்க்க வேண்டும். தண்ணீர், கஞ்சி போன்றவையே இறங்கவில்லை என்றால் கிழமை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு விடயம்

ஓங்காளித்த அன்றிலிருந்து இரண்டு நாள் நோ, அதற்குப் பிறகு நெஞ்செரிவு. இந்த வரிசைதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஓங்காளிக்கும்போது வயிற்றுத் தசைகள் முழுப் பலத்தோடு இரைப்பையை மேலே தள்ளும். வாய் வழியாக எதுவும் வெளியேற முடியாததால் அந்தத் தள்ளல் முழுவதும் புதிதாகப் போட்ட தையலில் போய் விழும். சிலருக்கு அதில் தையல் விட்டு, போர்வை நெஞ்சறைக்குள் ஏறிவிடுவதுண்டு. உங்களுக்கு அப்படி நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நோ நின்றுவிட்டது, சாப்பாடும் முன்போலவே போகிறது. வெறும் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் ஊகித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. வரும் இரண்டு கிழமைக்குள் பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே ஒன்றைச் செய்யுங்கள். சுண்ணாம்புக் கரைசல் மாதிரியான ஒரு வெள்ளைத் திரவத்தை நின்றபடி குடிக்கச் சொல்லி, அது இறங்கும்போது படம் எடுப்பார்கள். போர்வை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, எந்த இடத்தில் வழி ஒடுங்குகிறது என்பது அதில் தெரியும். உடம்பில் செல்துண்டு ஏதும் மிச்சமிருந்தாலும் எக்ஸ்ரேக்கு அதனால் பிரச்சினையில்லை. எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் மட்டும் உள்ளே போகுமுன் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

இதற்காகக் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் உங்கள் அட்டையைக் காட்டி, தேவையானால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தரும்படி கேளுங்கள். சத்திரசிகிச்சை செய்த இடத்திலிருந்து அதன் குறிப்பின் பிரதியையும் கேட்டு வாங்கலாம், தயங்க வேண்டாம். முழுச் சுற்றுப் போர்வையா, முக்கால் சுற்றா, துவாரத்தைத் தைக்கும்போது வலை வைத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்து உங்களைப் பார்க்கப்போகும் வைத்தியருக்கு அந்த ஒரு தாள் பத்துக் கேள்வியை மிச்சப்படுத்தும்.

இனிமேல் விரல் விட வேண்டாம். வயிற்றுப் பிரட்டல் வந்தால், ஓங்காளமாக மாறுமுன்பே சத்தி நிறுத்தும் மருந்துக்கு வைத்தியரிடம் போங்கள்.

புட்டும் பாணும் ஏன் நிற்கின்றன

வீட்டில் ஒரு துண்டுப் பாணை நனைத்து உள்ளங்கையில் வைத்துப் பொத்திப் பாருங்கள். மா உருண்டையாகிவிடும். நீங்கள் மென்று விழுங்கும்போது உள்ளேயும் அதுதான் நடக்கிறது. சுட்ட பாண் உதிர்வதால், மெத்தென்ற புதுப்பாணைவிட நன்றாக இறங்கும். புட்டின் கதை வேறு. அது வாயிலுள்ள உமிழ்நீரை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு, நனைந்தும் நனையாமலும் ஒரு கட்டியாக இறங்கும். இரண்டுக்கும் மேலே தண்ணீர் குடித்தால், நின்ற உணவின் மேல் தண்ணீர் கிணறுபோல நிறைந்து, நீங்கள் எழுதியதுபோல நுரையாகத் திரும்பும். சோற்றுருண்டையும் வாழைப்பழமும் மீன்முள்ளுக்குச் சொல்லும் கைவைத்தியம். முள்ளுக்கே அது சரியான வைத்தியமில்லை, உங்களுக்கோ அடைப்பின் மேல் இன்னொரு அடைப்பு.

ஒரு கிழமைக்கு மெத்தென்று இறங்கும் உணவுக்குத் திரும்பிப் போங்கள். உளுத்தங்கஞ்சி, குரக்கன் கஞ்சி, குழைய விட்ட சோற்றைப் பருப்போடும் சொதியோடும் கரைத்தது, முள் எடுத்து உதிர்த்த மீன், கட்டித்தயிர், பப்பாசிப்பழம், இளக்கமாக வறுத்த முட்டை. அவித்த முட்டையின் மஞ்சட்கரு வறண்டது, அது இப்போது வேண்டாம். இவை தடையில்லாமல் இறங்கினால் அடுத்த கிழமை சொதியில் ஊறிய இடியப்பம், பிறகு மெல்லிய தோசை. புட்டைப் பத்தாம் கிழமைக்குப் பிறகு, சொதியில் மிதக்கவிட்டுத் தொடங்கலாம். மெத்தென்ற பாண், ரொட்டி, இறைச்சித் துண்டு, கணவாய், நார் உள்ள முருங்கைக்காய், பனங்கிழங்கு எல்லாம் கடைசியாக வரட்டும். கோழி சாப்பிட ஆசையென்றால் நன்றாக அவித்துக் கொத்தி, குழம்போடு.

எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைவிட எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதில்தான் நம் ஆட்கள் தவறுகிறார்கள். கை நிறையக் கவளம் போடும் பழக்கத்தை மூன்று மாதத்துக்கு விட்டு, தேக்கரண்டியால் சாப்பிடுங்கள். ஒரு நேரத்துக்குத் தேநீர்க் கோப்பை அளவு போதும். ஆனால் நாளுக்கு ஆறு தரம். ஒவ்வொரு வேளைக்கும் 20 முதல் 30 நிமிடம். சாப்பிடும்போது நடுவில் தண்ணீர் வேண்டாம். அரை மணித்தியாலம் முன்போ பின்போ, மிடறு மிடறாக. இளஞ்சூடு நல்லது, ஐஸ் தண்ணீர் சிலருக்கு உணவுக்குழாயை இறுக்கிப் பிடிக்கும். கடைவாய்ப்பற்கள் இல்லாவிட்டால் பல் வைத்தியரையும் பாருங்கள். அரைக்காத கவளத்துக்கு எந்தச் சத்திரசிகிச்சையும் பொறுப்பேற்காது.

குளிசையும் உணவு மாதிரித்தான் நிற்கும். பெரிய பரசிற்றமோல் குளிசையைப் பொடியாக்கி விழுங்கலாம், பாணியாகவும் வாங்கலாம். தண்ணீரில் போட்டால் பொங்குகிற வகை மட்டும் வேண்டாம். ஒமெப்பிரசோல் கூட்டுக்குள் இருக்கும் சிறுமணிகளை அரைக்கக் கூடாது, அரைத்தால் இரைப்பை அமிலத்திலேயே மருந்து அழிந்துவிடும். மெதுவாகக் கரையும் வகைக் குளிசைகளையும் உடைக்கக் கூடாது. எதை உடைக்கலாம் என்று மருந்தாளரிடம் ஒருமுறை கேட்டு, பெட்டியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மெலிந்த 5 கிலோவைப் பற்றி: முதல் இரண்டு மாதத்தில் 3 முதல் 5 கிலோ குறைவது வழமை. கிழமைக்கு ஒரு நாள், ஒரே தராசில் நிறுத்து எழுதுங்கள். இனியும் இறங்கிக்கொண்டே போனால் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

சாப்பாடு நின்றுவிட்டால்

கரண்டியை வைத்துவிடுங்கள். எழுந்து நின்று மெதுவாக நடவுங்கள். எச்சிலைத் துப்புங்கள், எதையும் குடிக்க வேண்டாம். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடும். எச்சிலையே விழுங்க முடியவில்லை என்றால் உடனே புறப்பட வேண்டும். எச்சில் இறங்குகிறது, ஆனால் சாப்பாடு நிற்கிறது என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். நின்றதைக் கமரா விட்டுத்தான் எடுப்பார்கள், அதற்காக இன்னொரு வைத்தியசாலைக்கு மாற்றவும் நேரும். ஆகவே பின்னேரம் அடைத்தால் பொழுதுபடும் வரை யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

வயிற்று ஊதலுக்கு ஈனோ ஏன் ஆகாது

ஈனோ தண்ணீரில் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சோடா உப்பும் எலுமிச்சைப் புளிப்பும் சேர்ந்து கரியமில வாயு வருவதுதான் அந்தப் பொங்கல். முன்பு அந்த வாயு இரண்டு ஏவறையாக வெளியே போனது, உங்களுக்கும் ஆறுதலாக இருந்தது. இப்போது மேல்வழியில் கதவு போட்டிருக்கிறது. உள்ளே உண்டாகும் வாயு இரைப்பையை ஊதி, மிச்சம் குடல் வழியாகத்தான் போக வேண்டும். சோடாவும் இஞ்சி பியரும் அப்படித்தான். கீழ்க்காற்று கூடியது உங்கள் கதவு வேலை செய்கிறது என்பதற்கு ஓர் அடையாளம். பஸ்ஸில் அது ஆறுதல் தராது என்பது எனக்கும் தெரியும்.

காற்று வருவதில் பெரும்பங்கு நாங்கள் விழுங்குவதுதான். பல வருடம் நெஞ்செரிவு இருந்தவர்கள் எரிவை ஆற்ற அடிக்கடி எச்சில் விழுங்கிப் பழகியிருப்பார்கள். ஒவ்வொரு விழுங்கலோடும் கொஞ்சம் காற்றும் போகும். எரிவு போன பிறகும் பழக்கம் போகாது. வெற்றிலை போடுவது, சுவிங்கம், உறிஞ்சுகுழாய், கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியை உறிஞ்சிக் குடிப்பது, கதைத்துக்கொண்டு சாப்பிடுவது எல்லாம் காற்றை உள்ளே அனுப்பும் வழிகள். கடலை, கௌபி, கோவா, பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு ஆகியவற்றை ஒரு மாதம் குறையுங்கள். சாப்பிட்டதும் படுக்காமல் வளவுக்குள் கால்மணி நேரம் நடவுங்கள். வாயுக் குமிழிகளைக் கலைக்கும் சிமெத்திகோன் மருந்து சிலருக்குக் கொஞ்சம் உதவும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு கரண்டியிலேயே வயிறு நிறைந்து, மணிக்கணக்காகக் கல்லுப்போல இருந்தால் அது வேறு: இரைப்பையை இயக்கும் நரம்பு சத்திரசிகிச்சையில் பாதிக்கப்பட்டு, இரைப்பை மெதுவாக வெறுமையாவதால் அப்படி வரலாம். அதற்கு மருந்து உண்டு, ஆனால் டொம்பெரிடோனைக் கடையில் வாங்கித் தானாகப் போடாதீர்கள். இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பக்கூடிய மருந்து அது.

எரிவு திரும்பினால் கட்டுத் தளர்ந்துவிட்டதா

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் அமிலத்தைக் குறைக்கும் குளிசை போடுபவர்களைச் சோதித்தால், கணிசமானோரின் உணவுக்குழாயில் அமிலம் ஏறுவதே இல்லை. ஊதலும், தையல் ஆறும் நோவும், பழைய பயமும் எரிவுபோலவே தெரியும். ஆகவே பேரியம் படம் வரும்வரை, எரிவு வந்த நாள், நேரம், அதற்கு முன் சாப்பிட்டது மூன்றையும் எழுதி வையுங்கள். குளிசையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். கமரா பரிசோதனையில் உணவுக்குழாயின் உட்தோல் மாறியிருந்ததாகச் சொல்லியிருந்தால், எரிவு இல்லாவிட்டாலும் அந்தத் தொடர் பரிசோதனைகளை விடக் கூடாது. தேவைப்பட்டால் மூக்கு வழியாக மெல்லிய கம்பி விட்டு 24 மணித்தியாலம் அமிலத்தை அளப்பார்கள். அதற்கு 7 நாள் முன் குளிசையை நிறுத்தச் சொல்வார்கள்.

"அவிழ்த்துக் கட்டுவது" கடைசிப் படி. முதலில் பேரியம், பிறகு கமரா, பிறகு உணவுக்குழாய் தள்ளும் பலத்தை அளக்கும் சோதனை. ஒடுக்கம்தான் காரணமென்றால், பலூன் விட்டு விரிப்பதிலேயே பலருக்குச் சுகம் கிடைக்கும். இரண்டாம் முறை திறக்கும்போது தழும்புக்குள் வேலை செய்ய வேண்டியிருப்பதால் முதல் முறையைவிட அது கடினம், ஆபத்தும் கூட. இப்போதைக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கிணறும் வயலும்

10 லீற்றர் வாளி என்றால் 10 கிலோ. கப்பி இருந்தாலும் இழுக்கும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்குகிறீர்கள். அந்த அழுத்தம் போவது உதரவிதானத் தையலுக்கு. வழமையாக 6 கிழமை வரை 4, 5 கிலோவுக்கு மேல் தூக்க விடுவதில்லை. உங்களுக்கு அந்தக் கணக்குத் தாண்டிவிட்டது, ஆனால் ஓங்காளித்த பிறகு நோ வந்ததால் படம் பார்க்கும்வரை நான் அனுமதிக்க மாட்டேன். பிள்ளைகளோ அயலவரோ அள்ளித் தரட்டும். படம் நன்றாக இருந்தால் அரை வாளியில் தொடங்கி, கிழமைக்குக் கிழமை கூட்டலாம். நெல்மூட்டைக்குக் கிட்டப் போவது மூன்று மாதத்துக்குப் பிறகும் சத்திரசிகிச்சை நிபுணரைக் கேட்டுத்தான். குனிந்து களை பிடுங்குவதைச் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் செய்யாதீர்கள். மலச்சிக்கலில் முக்குவதும், விடாத இருமலும் வாளி இழுப்பதற்குச் சமம். அவற்றுக்கும் மருந்து எடுங்கள்.

பழைய தழும்பும் புதிய கதவும்

இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வயிற்றில் முன்பு பெரிய சத்திரசிகிச்சை நடந்தவர்களுக்குக் குடல்கள் தழும்பில் ஒட்டி, எத்தனையோ வருடம் கழித்தும் அடைப்பு வரலாம். சாதாரணமாக அப்படி வந்தால் சத்தி எடுத்து இரைப்பை காலியாகும், வீட்டாரும் பயந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். உங்களுக்குச் சத்தி வராது. "சத்தி இல்லைத்தானே" என்று வீட்டில் படுத்திருந்தால் இரைப்பை ஊதிக்கொண்டே போகும். விட்டுவிட்டு முறுக்கும் நோ, வயிறு பெருத்தல், காற்றும் மலமும் நின்றுபோதல் மூன்றும் சேர்ந்தால் இரவென்றும் பாராமல் போங்கள். மூக்கால் குழாய் விட நேர்ந்தால் அனுபவமுள்ளவர் கவனமாக விட வேண்டும் என்பதற்காக, இப்படியொரு சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கடமையில் இருக்கும் வைத்தியருக்குத் தமிழ் வராமலும் இருக்கலாம்; நோய் அட்டை கைப்பையிலேயே இருக்கட்டும்.

திடீரென்று தாங்க முடியாத நெஞ்சுநோ அல்லது மேல்வயிற்று நோ, மூச்சுத் திணறல், காய்ச்சலோடு படபடப்பு, கரிய மலம், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல்: இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் திகதி பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

கடைசியாக, அடுத்த மாதம் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படம் நன்றாக இருந்தால் தாராளமாகப் போங்கள். பானை, விறகு தூக்குவதை மற்றவர்களிடம் விடுங்கள். பொங்கல் குழைவானது, உங்களுக்கு ஏற்றது. ஆனால் சர்க்கரை அதிகம் என்பதால் ஒரு சிறு கோப்பைக்கு மேல் வேண்டாம். இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு இனிப்பு விரைவாகக் குடலுக்கு இறங்கி, சாப்பிட்ட கால்மணி, அரைமணியில் வியர்வையும் படபடப்பும், ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்தில் சீனி குறைந்த தலைச்சுற்றும் வருவதுண்டு; அப்படி வந்தால் உட்கார்ந்துவிடுங்கள், அடுத்த முறை அளவைக் குறையுங்கள். வீதியோரத்துக் கச்சான் கடையை மட்டும் இந்த வருடம் பார்த்துக்கொண்டு நடந்துவிடுங்கள்.